தங்க நிற ஃபோர்க்குக்குப் பணம் கொடுக்கும் முன்

பெங்களூரில் மழை பிடித்துச் சில வாரங்கள் ஆனால் போதும், அல்சூரில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, முன் ஷாக் சரியில்லை. யூஎஸ்டி ஃபோர்க் போட்டுவிடலாமா?" முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் குழாய் ஜோடிதான் ஃபோர்க். தடித்த குழாய் மேலே வரும்படி அதைத் தலைகீழாக (அப்சைடு டவுன்) அமைத்தது யூஎஸ்டி. கேட்கிறவர் பெரும்பாலும் சேலத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்கு வந்த இளைஞர். வாரநாளில் சில்க் போர்டு நெரிசல், விடுமுறை கிடைத்தால் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊர். தங்க நிறத்தில் மின்னும் தடித்த குழாய்களைக் காணொளிகளில் பார்த்து, என்ன வாங்குவது என்று முடிவே செய்துவிட்டுத்தான் வருவார். வண்டிக்கு என்ன குறை என்று அவரைச் சொல்லவைப்பது எங்களுக்கு முதல் வேலை.

சொல்லவைத்தால் வரும் பதில் சுவையானது. "பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்குகிறது. ஆனால் பள்ளத்தில் விழுந்தால் மணிக்கட்டு வரை இடிக்கிறது." ஒரே ஃபோர்க் எப்படி மிருதுவாகவும் முரடாகவும் இருக்க முடியும்? முடியும். சாதாரண வண்டிகளின் ஃபோர்க் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஃபோர்க் குழாயின் உள்ளே ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், துளையிட்ட ஒரு தண்டு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளாமல் அடக்குவது, துளை வழியே பிதுங்கி ஓடும் எண்ணெய். எண்ணெயை வைத்து அடக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இந்தக் குழாய் (டெலஸ்கோப்பிக்) முறையை பிஎம்டபிள்யூ 1935இல் ஆர்12 வண்டியில் கொண்டுவந்தது. இன்றும் நம் தெருவில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அடிப்படை அதுதான். துளையின் அளவு மாறாது என்பதில்தான் சிக்கல். ஊசி மருந்துக் குழலை மெல்ல அழுத்தினால் மருந்து சும்மா போகும், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும் அல்லவா? இங்கேயும் அதேதான். எண்ணெயின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் மெதுவாக அமுங்குகிறது, எதிர்ப்பு போதவில்லை, முன்பக்கம் குத்துகிறது. கான்கிரீட் சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்து விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் மிக வேகமாக அமுங்கப் பார்க்கிறது. எண்ணெய் வழிவிடாமல் திணறுகிறது, அடி கைக்கு வருகிறது. (அந்த விளிம்புகளை யார், எந்தக் கணக்கில் அப்படி விடுகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இதைச் சரிசெய்ய முழு ஃபோர்க்கையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், ஃபோர்க்கின் மேல் பழி போடலாமா என்றே பார்க்க வேண்டும். சக்கரக் காற்றில் தொடங்குங்கள். பல 150 சிசி வண்டிகளுக்கு முன் சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ போதும். பங்கில் காற்று பிடிக்கும் பையன் இரண்டு சக்கரத்துக்கும் 35 வைத்து அனுப்பியிருப்பான். அடுத்தது ஹேண்டிலின் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பினால், நேர்நிலையில் ஒரு குழியில் விழுவதுபோல் சிக்கினால் பேரிங் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் எந்த ஃபோர்க்கைப் போட்டாலும் வண்டி நேர்கோட்டில் நிற்காது.

பிறகு எண்ணெய். ஃபோர்க்குக்குள் எண்ணெய் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கம்பெனி ஊற்றிய ஃபோர்க் ஆயிலோடு வருகிறார்கள். வடித்தால் சாம்பல் நிறத்தில், உலோகத் தூள் கலந்து, மீன் வாடையோடு வரும். அதை மாற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் புதிதாகப் போட்டவுடன் "வேறு வண்டி மாதிரி இருக்கிறதே" என்று சொல்லி, யூஎஸ்டி பேச்சை விட்டவர்கள் உண்டு. 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறேன். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் குத்துவது குறையும், ஆனால் பள்ளத்தில் அடி கூடும். கூடவே இன்னொன்று: எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்ட டப்பாவில் 10டபிள்யூ என்பதுபோல் போட்டிருப்பார்கள், ஆனால் ஒரு கம்பெனியின் 10டபிள்யூவும் இன்னொரு கம்பெனியின் 10டபிள்யூவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. டப்பாவின் பின்புறம் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) என்று போட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். மில்லிலிட்டர் கணக்கைவிட, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளப்பதே நம்பகமானது. எண்ணெய்க்கு மேலே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினால் கடைசிப் பகுதியில் மட்டும் ஃபோர்க் இறுகும். தடதடவென்று அடிதட்டும் வண்டிக்குச் செலவில்லாத மருந்து இது.

இனி ஸ்பிரிங். நான் அதிகம் வாதாடும் இடம் இதுதான். 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் கம்பெனி ஒரே ஸ்பிரிங்கைத்தான் வைக்கிறது. உங்களுக்கு அது பொருந்துகிறதா என்று அளந்து பார்க்க ஒரு கேபிள் டை போதும். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் அதைச் சுற்றிவிட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, தெரியும் குழாயின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் வண்டியில் உட்காருங்கள். நண்பர் ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஃபோர்க்கின் மொத்த அசைவில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்க வேண்டும். கிளாசிக் 350இன் 130 மில்லிமீட்டர் அசைவுக்கு ஏறத்தாழ 33 முதல் 43. பிறகு கேபிள் டையைக் கழற்றாமல் எலக்ட்ரானிக் சிட்டி வரை போய் வாருங்கள். சின்னப் பள்ளத்துக்கே அது குழாயின் எல்லை வரை போயிருந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. எவ்வளவு மோசமான பள்ளத்திலும் 40 மில்லிமீட்டர் மிச்சம் வைத்தால், நீங்கள் அனுபவிக்காத மென்மைக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த அளவு சரியாக வராதபோது, பல பட்டறைகளில் ஸ்பிரிங்கின் தலையில் வாஷரோ குழாய்த் துண்டோ வைத்து மூடிவிடுகிறார்கள். இதனால் ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று நினைப்பது தவறு. முன்பக்கம் உயர்கிறது, அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ தேவை என்ற கணக்கு அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி வைத்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட வழியில்லாமல் மேலேயே தட்டும். எடை கூடியவருக்கு வேண்டியது வலுவான ஸ்பிரிங்.

ஸ்பிரிங்கும் எண்ணெயும் சரியான பிறகும் அந்த மிருது-முரடு முரண் உறுத்தினால், துளைத் தண்டின் மேல் உட்காரும் வால்வு ஒன்று உண்டு. ரேஸ் டெக் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. தண்டின் துளைகளைப் பெரிதாக்கி எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட்டு, அடக்கும் வேலையை இந்த வால்விடம் ஒப்படைக்கிறார்கள். மெதுவான அசைவுக்குச் சிறு துளை வழியே எதிர்க்கும், வேகமான அடிக்குத் திறந்து வழிவிடும். நந்தி மலை வளைவுகளில் பிரேக்கோடு திரும்புகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

யூஎஸ்டி கெட்டது என்று சொல்லவில்லை. தடித்த குழாயை மேலே பிடிப்பதால் வளையாமல் நிற்கும். அதற்கென்றே வடிவமைத்த வண்டியில் அது அருமையாக இருக்கிறது. பழைய வண்டியில் ஒட்டவைக்கும்போதுதான் வில்லங்கம். நீளம் மாறினால் ஹேண்டில் திரும்பும் தன்மை மாறும். டி ஸ்டெம் (ஃபோர்க்கை வண்டியோடு பிடிக்கும் பகுதி), அச்சு, பிரேக் காலிபர் பிடிப்பு, ஹேண்டில் டேங்கில் இடிக்காமல் தடுக்கும் நிறுத்தம் எல்லாவற்றையும் கடைசலில் செய்ய வேண்டும். சீல் கீழே, சேற்றுக்கு அருகில் இருப்பதால் அது போனால் எண்ணெய் நேராக பிரேக்கில் இறங்கும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நிறத்துக்குச் செலவழித்த அக்கறை உள்ளே இல்லை.

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றாகிவிட்டது. விபத்துக்குப் பின் வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில், தங்க நிற ஃபோர்க் படாமல் போகாது.

யாரிடம் வேலை கொடுத்தாலும் கடைசியில் சக்கரம் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அச்சு நட்டை முறுக்கியபின், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைச் சிலமுறை நன்றாக அமுக்கிவிட்டு, அதற்குப் பிறகே அச்சைப் பக்கவாட்டில் இறுக்கும் போல்ட்டை முறுக்க வேண்டும். அமுக்காமல் முறுக்கிவிட்டால் இரண்டு குழாய்களும் இணையாக இல்லாமல் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். புது எண்ணெய், புது ஸ்பிரிங் எல்லாம் போட்டும் ஃபோர்க் சிக்கிச் சிக்கி அமுங்குகிறது என்று திரும்பி வந்த வண்டிகள் சிலவற்றில், அந்த ஒரு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கியதோடு வேலை முடிந்திருக்கிறது.