பேனாக்கத்தி: வாத்தியாரின் கத்திக்குப் பேனா பெயர் வந்த கதை

பேனாக்கத்தி (பெ.): அலகைக் கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்தி.

அகராதிக்கு இது போதும். ஆனால் அந்தக் கத்தியில் பேனா எங்கே இருக்கிறது? பேனா மாதிரி ஒல்லியாக இருப்பதால் இந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். பேனாவைப் போலவே சட்டைப்பையில் கிடப்பதால் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் ஊகம்தான். ஒரு காலத்தில் பேனாவையே இந்தக் கத்தியால்தான் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வேலை வாத்தியார் தலையில் இருந்தது.

முதலில் 'பேனா'வைப் பார்ப்போம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் வந்த அதே போர்ச்சுகீசிய வழியில் வந்த சொல் இது. போர்ச்சுகீசியத்தில் 'பெனா' என்றால் இறகு. இறகால் எழுதியதால் எழுதுகோலுக்கும் அதுவே பெயர். அதற்கும் மூலம் 'பென்னா' என்ற லத்தீன் சொல். ஆங்கிலத்தின் 'பென்' அதே லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, பேனா என்றாலே இறகுதான். இன்று நாம் 'இறகுப் பேனா' என்று சொல்லும்போது இறகு இறகு என்றுதான் சொல்கிறோம், கேட்டுக்கதவு போல. (பென்சிலையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். அது 'சிறு வால்', 'சிறு தூரிகை' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.)

ஆங்கிலத்தில் 'பென் நைஃப்' என்ற சொல் 15ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருக்கிறது. அப்போது அது மடங்கும் கத்தி அல்ல. நிலையான அலகும் நீண்ட பிடியும் உள்ள ஒரு சின்னக் கத்தி, அவ்வளவுதான். சுவடி எழுதுபவர்களைக் காட்டும் ஐரோப்பிய இடைக்கால ஓவியங்களில் வலக்கையில் இறகும் இடக்கையில் இந்தக் கத்தியும் இருக்கும். தோல்தாள் மேலெழும்பாமல் அழுத்திப் பிடிக்கவும், பிழையாக எழுதியதைச் சுரண்டி எடுக்கவும், இறகின் முனையைச் சீவவும் அந்த ஒரே கத்திதான். மடங்கும் வடிவம் பின்னால், 17ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற கத்தித்தொழில் ஊர்களில் பரவலானது. அலகின் முதுகுப்பக்கம் ஒரு எஃகு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். பூட்டு கிடையாது, கொஞ்சம் அழுத்தினால் மடங்கிவிடும். இன்று கத்தி சேகரிப்பவர்கள் 'பாரம்பரியக் கத்தி' என்று சொல்வது பெரும்பாலும் இந்த அமைப்பைத்தான்: பூட்டில்லாத அலகு, நகத்தை வைத்து இழுத்துத் திறக்க அலகில் ஒரு சிறு பள்ளம், கொம்பு, எலும்பு அல்லது மரத்தால் ஆன பிடி.

இறகைப் பேனாவாக்குவது சும்மா வெட்டுவது இல்லை. வாத்தின் பெரிய சிறகிறகை எடுத்துக் காயவைத்து, சூடான மணலில் செருகித் தண்டை இறுக்குவார்கள். அப்புறம் முனையைச் சாய்வாகச் சீவி, இரு தோள்களையும் குறுக்கி, நடுவில் மை இறங்க ஒரு கீற்று போட்டு, கடைசியாக முனையை நேராக நறுக்க வேண்டும். கீற்று கொஞ்சம் நீண்டுவிட்டால் இறகு பாழ். இவ்வளவும் செய்தபின் சில பக்கங்கள் எழுதினாலே முனை மழுங்கிவிடும்; மறுபடி சீவ வேண்டும். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் கையில் கூரான கத்தியைக் கொடுக்கவும் முடியாது. எனவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கைத்தொழில்களில் பேனா சீவுவதும் ஒன்றாக இருந்தது. ஒருவனுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இன்னொருவனின் இறகைச் சீவிக்கொண்டிருப்பார் ஆசிரியர். ஆசிரியர் கையில் பிரம்புதான் நம் மனக்கண்ணில் நிற்கிறது. நாள் முழுக்க அதிகம் வேலை செய்தது இந்தக் கத்தியாகத்தான் இருந்திருக்கும்.

1820, 30களில் பர்மிங்காமில் எஃகு நிப்புகள் லட்சக்கணக்கில் உற்பத்தியாகத் தொடங்கின. சீவ வேண்டிய வேலை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதற்குள் பென்சில் வந்துவிட்டதால் கத்திக்கு வேறு பிழைப்பும் கிடைத்தது. பென்சில் துருவிக்கு பிரான்சில் 1828இல் காப்புரிமை பெற்றிருந்தாலும், அது எல்லோர் கைக்கும் வர நெடுநாள் ஆனது. பல அலகுகள் கொண்ட மடக்குக்கத்திகளில் உள்ள ஆகச் சின்ன அலகைத் தொழில்காரர்கள் இன்றும் 'பேனா அலகு' என்றுதான் சொல்கிறார்கள்.

இறகை மறக்காத மொழிகள் இன்னும் பல உண்டு. ஜெர்மனில் இது 'ஃபெடர்மெஸ்ஸர்', அதாவது இறகுக்கத்தி. ஸ்பானியத்தில் 'கோர்த்தாப்ளூமாஸ்', இறகுவெட்டி. ரஷ்ய மொழியிலோ இறகைச் சீராக்கும் கத்தி என்று பொருள்படும் 'பெரச்சின்னி நோஷ்'. நாணல் தண்டில் எழுதிய நாடுகளில் இறகுக்கு வேலையில்லை. அங்கே பாரசீக வழியில் 'கலம்தராஷ்', அதாவது கலத்தைச் சீவுவது. கலம் என்றால் நாணல் எழுதுகோல். இந்தச் சொல் துருக்கிய மொழிக்குப் போய் இன்று என்ன பொருளில் வழங்குகிறது தெரியுமா? பென்சில் துருவி! கத்தி போய்விட்டது, சீவும் வேலை மட்டும் பெயரில் நிற்கிறது. நம் பேனாக்கத்தி இதற்கு நேர் எதிர்: சீவும் வேலை போய்விட்டது, கத்தி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், நமக்குப் பேனாவைத் தந்த போர்ச்சுகீசியர்கள் இந்தக் கத்தியை 'கனிவெத்தே' என்கிறார்கள். அதில் பேனா இல்லை. ஆக, பேனா ஒரு வழியில் வந்து சேர, ஆங்கிலப் பெயரைப் பார்த்து நாமே கத்தியை அதோடு ஒட்டிக்கொண்டோம். பாதி இரவல், பாதி மொழிபெயர்ப்பு.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

சொல்லைத் தேடும் முன் பொருளைத் தேட வேண்டும் என்பது என் கட்சி. இறகு இல்லாத ஊரில் ஓலை இருந்தது. ஓலையில் எழுதுவதற்கும் கத்தி தேவை. நடு ஈர்க்கை நீக்க வேண்டும், ஓரங்களை ஒரே அளவாக நறுக்க வேண்டும். இதற்கு 'ஓலை வாருதல்' என்று பெயர். எழுத்தாணியும் வாரும் கத்தியும் எப்போதும் சேர்ந்தே தேவைப்பட்டதால் இரண்டையும் ஒரே பிடியில் வைத்துச் செய்தார்கள். ஒரு பக்கம் கூரான எழுத்தாணி, மறுபக்கம் கத்தி, இரண்டும் நடுவிலுள்ள பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். இதுதான் மடக்கெழுத்தாணி. மடங்காமல் உறையில் செருகி வைக்கும் வாரெழுத்தாணியும், தலைப்பக்கம் கனத்த குண்டெழுத்தாணியும் இதன் உறவுகள். திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் பிள்ளைகளுக்கு ஓலை வாரி, பாடத்தை எழுதிக் கொடுப்பார். அங்கேயும் இங்கேயும் எழுதும் கருவியும், இறகையோ ஓலையையோ சீராக்கும் கத்தியும் ஆசிரியர் கையில் சேர்ந்தே இருந்திருக்கின்றன. மடக்கெழுத்தாணியோடு ஒப்பிட்டால் இறகு பாவம். அதற்குத் தனியாக ஒரு கத்தி வேண்டியிருந்தது.

அதனால்தான் பாக்கெட்டில் வைக்கும் கத்தி என்பதை அப்படியே திருப்பிச் சிலர் எழுதும் 'சட்டைப்பைக் கத்தி' எனக்கு ஒட்டவில்லை. எங்கே வைக்கிறோம் என்பதை வைத்துப் பெயர் சொன்னால் இடம் மாறியதும் பெயர் தவறாகிவிடும். 'சூரிக்கத்தி' வேண்டவே வேண்டாம். வடமொழியின் 'சுரிகை', இந்தியின் 'சூரி' வழியில் வந்த அந்தச் சொல்லுக்குத் தமிழில் குத்துவெட்டு வாடை ஏறிவிட்டது. 'பிச்சுவா'வும் அப்படியே, தேள் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த குத்துவாள் அது. பென்சில் சீவும் கத்திக்கு இந்தப் பெயர்களைச் சூட்டினால் படிப்பவருக்கு ஒரு குற்றச்செய்திதான் நினைவுக்கு வரும்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லழகு இல்லை. கருவியா, ஆயுதமா என்ற கேள்வியைப் பள்ளிகளும் சட்டங்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஜப்பானில் மிக்கி என்ற ஊரில் 1890களில் உருவான 'ஹிகோனோகாமி' என்ற எளிய மடக்குக்கத்தி, பென்சில் சீவப் பள்ளிப் பிள்ளைகள் பலரிடமும் இருந்தது. 1960இல் அரசியல் தலைவர் அசானுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் ஒருவன் மேடையிலேயே வாளால் குத்திக் கொன்றபின், பிள்ளைகள் கையில் கத்தி தராதீர்கள் என்ற இயக்கம் கிளம்பியது. அந்தக் கத்தி பள்ளிகளிலிருந்து மறைந்தது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க விலக்கு தருகிறது. ஆனால் அலகு பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்த விலக்கு பொருந்தாது. அமெரிக்க மத்தியச் சட்டம் 'ஆபத்தான ஆயுதம்' என்பதை வரையறுக்கும்போது இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள பாக்கெட் கத்தியை விட்டுவிடுகிறது. அதற்காக அங்கே ஓர் ஆசிரியர் வகுப்புக்குள் கத்தியோடு போய்விடலாம் என்று பொருளில்லை. மாநில விதியும் பள்ளி விதியும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

இப்போது தனித்தமிழ்க் கணக்கு. பேனாவுக்கு இணையாக 'எழுதுகோல்', 'தூவல்' என்று இரண்டு சொற்கள் உண்டு. தூவல் என்றால் இறகு, ஆகவே 'தூவற்கத்தி' என்றால் மூலப்பொருள் அச்சு அசலாக வந்துவிடும். இறகை நிஜமாகச் சீவுகிற பழைய கத்தியைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறீர்கள் என்றால் இதையே எழுதுங்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் இன்று ஆரஞ்சு உரிக்கவும் பார்சல் பிரிக்கவும் பயன்படும் கத்தியைத் தூவற்கத்தி என்றால் யாருக்குப் புரியும்? அதற்கு 'மடக்குக்கத்தி' போதும். மடக்கெழுத்தாணியின் வழியில் வந்த பெயர், வழக்கிலும் இருக்கிறது, கேட்டதும் விளங்குகிறது. பேச்சில் பேனாக்கத்தி என்று சொல்பவரைத் திருத்தத் தேவையில்லை. சின்ன மடக்குக்கத்தி என்ற பொருளில் அந்தச் சொல் ஊறிவிட்டது.

எழுதும்போது ஒற்று மட்டும் கவனம். 'மடக்கு' என்பதைப் பெயராகக் கொண்டால் மடக்குக்கத்தி என்று வல்லினம் மிகும். மடக்கிய, மடக்குகிற, மடக்கும் கத்தி என்று வினைத்தொகையாகப் பிரித்தால் ஊறுகாய், சுடுசோறு போல 'மடக்குகத்தி' என்று மிகாமல்தான் வர வேண்டும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது; வழக்கில் ஓங்கியிருப்பது முதலாவது. பேனாக்கத்திக்கு அந்தச் சிக்கல் இல்லை, அங்கே எப்போதும் 'க்' உண்டு.