பேக்கப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ரீஸ்டோர் செய்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்

ஒரு சிஸ்டம் லைவ் போகும் முன் நடக்கும் கூட்டத்தில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்தது யார், என்றைக்கு? பல இடங்களில் பதில் வராது. ஃபங்ஷனல் டெஸ்டிங் முடிந்திருக்கும், லோட் டெஸ்ட்டும் முடிந்திருக்கும், கையெழுத்துகூட வாங்கியிருப்பார்கள், இதை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு ப்ராஜெக்டில் அப்படிக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஏற்றச் சொன்னேன். தினமும் இரவு 2 மணிக்கு ஃபைல் தவறாமல் வந்திருந்தது, லாகில் ஒரு எரர் கிடையாது. ஏற்றினால் டேபிள்கள் எல்லாம் இருக்கின்றன, உள்ளே ஒரு ரோகூட இல்லை! சோதனைக்காக யாரோ போட்ட, தரவை விட்டுவிட்டு டேபிள் அமைப்பை மட்டும் எடுக்கும் ஸ்கீமா-ஒன்லி ஆப்ஷனை எடுக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இது சின்ன டீம்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பின் இன்ஜினியர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார், சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. டேட்டாபேஸ் வெர்ஷன் 9.6, பேக்கப் எடுத்த டூலின் வெர்ஷன் 9.2, அதனால் ஜாப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டது. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல்தான் காப்பாற்றியது.

ரோல்பேக்கும், அதாவது புது வெர்ஷனை எடுத்துவிட்டுப் பழையதற்குத் திரும்புவதும், அப்படித்தான். 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல்: 8 சர்வர்களில் 7-க்குத்தான் புது கோட் போயிருந்தது, எட்டாவதில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களாகத் தள்ளியது. பதற்றத்தில் அந்த 7 சர்வர்களிலிருந்தும் புது கோடை எடுத்தார்கள், பழைய கோட் எட்டிலும் ஓட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடம், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஒரே ஒரு முறை ஒத்திகை பார்த்திருந்தால், பின்வாங்கினால் என்ன ஆகும் என்பது முன்பே தெரிந்திருக்குமே என்று எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனில், பழைய வெர்ஷன் தேடும் ஒரு நெடுவரிசையை (column) நீக்கிவிட்டால் அந்த வெர்ஷன் அந்த டேட்டாபேஸில் ஓடாது, அதையும் கேளுங்கள். நள்ளிரவில் ‘போதும், திரும்பிவிடலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பெயரோடு எழுதி வையுங்கள்.

சரி, அந்த காலி பேக்கப் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். சரிசெய்து முழு அளவு தரவை ஏற்றியபோது 5 மணி நேரம் ஆனது. ஒப்பந்தத்தில் 1 மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தோம். லைவ் தேதியைத் தள்ளி வைத்தோம்.