தெக்டோனிக்: புவித்தட்டு நகர்கிறதா, நழுவுகிறதா?

நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் 'பிளாட் தெக்டோனிக்' என்று மலாய் வழியாகவே இச்சொல்லைப் படிக்கிறார்கள். மூலம் கிரேக்கம். 'தெக்தோன்' என்றால் தச்சர், கட்டுநர். வடமொழி 'தக்ஷன்' இதே வேரில் கிளைத்தது. நம் 'தச்சன்' அதன்வழி வந்தது என்பார் மொழியியலார் பலர். பாறைகள் மடிந்தும் முறிந்தும் அமைந்த கட்டமைப்பை நிலவியலார் இச்சொல்லால் குறித்தனர். புவியின் மேற்பகுதி நகரும் தட்டுகளால் ஆனது என்னும் தட்டுக் கோட்பாடு 1960களில் உருவானபோது அதனோடும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'கண்டத்தட்டு' என்று எழுதுவது பொருந்தாது. பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடலடித் தரை. சுமத்திராவுக்கு மேற்கே சுந்தா அகழி என்னும் ஆழ்கடல் பள்ளத்தில், மற்றொரு தட்டுக்கு அடியில் இறங்குவதும் கடலடித் தரைதான். 'புவித்தட்டு' என்பதே சரி. புவி மேலோடும் அதன் அடியிலுள்ள கெட்டியான பாறையும் சேர்ந்து, சுமார் 100 கி.மீ. தடிமன் கொண்டது அது.

இதைவிடப் பெரிய குழப்பம் வினைச்சொல்லில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுமத்திரா நிலநடுக்கம், சுனாமி பற்றி எழுதும்போது 'தட்டு 20 மீட்டர் நகர்ந்தது' என்கிறார்கள். தட்டு முழுவதும் அப்படி நகரவில்லை. சென்னை 20 மீட்டர் தள்ளிப் போகவில்லை. மூன்று அளவுகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

'நகர்வு' ஓயாமல் நடப்பது. சுமத்திராப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்தில் பாறை சூடாக இருப்பதால் அங்கே தட்டு மெல்ல ஊர்ந்துவிடும். மேற்பகுதியில் இரு தட்டுகளும் உராய்வால் பூட்டிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு இறங்கும்போது மேல்தட்டின் விளிம்பையும் இழுத்து வளைக்கிறது. பூட்டியே கிடந்தால் 400 ஆண்டில் 20 மீட்டர் பாக்கி சேரும்.

பூட்டு விடும்போது, தொடும் தளத்தில் ஒரு பக்கம் மறுபக்கத்தைக் கடந்து பாய்வது 'நழுவல்'. 2004இல் சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு, 8 முதல் 10 நிமிடங்களில் பிளவு ஓடியது. வடசுமத்திராவுக்கு அப்பால் நழுவல் 15 மீட்டருக்கும் மேல். வட அந்தமானில் சில மீட்டர்தான். ஆகவே அதிகபட்சமா, சராசரியா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுப்பது வாசகரைத் திசைதிருப்பும். நழுவல் முழுவதும் உயரமாக மாறுவதுமில்லை. தளம் 10 பாகை சாய்ந்திருந்தால், 15 மீட்டர் நழுவல் தரையை ஏறத்தாழ 2.6 மீட்டரே தூக்கும். பரந்த கடற்பரப்புக்கு அடியில் அந்தச் சில மீட்டரே போதுமாக இருந்தது. அன்று மதியம் பினாங்கின் பத்து பெரிங்கியையும் புலாவ் பெத்தோங்கையும் தாக்கிய அலை அதிலிருந்து கிளம்பியதுதான்.

மூன்றாவது 'இடப்பெயர்ச்சி': தரையில் ஒரு புள்ளி எவ்வளவு தள்ளிப் போனது என்பது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தில் அகழி அருகே நழுவல் ஏறத்தாழ 50 மீட்டர், கரையில் ஒஷிகா தீபகற்பம் பெயர்ந்தது 5 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் சரியான எண்களே. அளந்த இடம்தான் வேறு.

2004இல் லங்காவி சுமார் 17 செ.மீ. மேற்காகப் பெயர்ந்தது. லங்காவிக்கு அடியில் எந்தப் பிளவும் நழுவவில்லை. விளிம்பு விடுபட்டதால் நாம் வாழும் சுந்தா தட்டு அந்தப் பக்கம் இழுபட்டது. தீபகற்பம் முழுதும் ஒரே அளவில் பெயரவில்லை, தெற்கே போகப்போகக் குறைந்தது. அதிர்ச்சி அடங்கிய பிறகும் தரை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெயர்ந்துகொண்டிருந்தது. அதனால் நில அளவை ஆயத்தொலைவுகளைத் திருத்த வேண்டி வந்தது. பழைய அளவையையும் புதியதையும் ஒப்பிடுவோர், அவை எந்த ஆண்டின் அடிப்படையில் எடுக்கப்பட்டவை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.