பொங்கலுக்கு முன் பெயின்ற்: ஆள் பிடிப்பதா, நாமே அடிப்பதா?

கார்த்திகை பிறந்தால் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். நத்தாருக்கு முன், பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடித்துத் தரவேணும் என்பார்கள். மட்டக்களப்பில் மாரி கொட்டுகிற மாதங்களும் அவைதான். வெளிச்சுவர் என்றால் சித்திரை வருசத்தை ஒட்டிச் செய்வோம், பொறுங்கள் என்பேன். சிலர் வேறு ஆளைப் பிடிப்பார்கள். சிலர் "அப்ப நாங்களே அடிக்கிறம்" என்று போனை வைப்பார்கள். யார் அடித்தாலும் ஈரச் சுவரில் பெயின்ற் நிற்காது.

நான் கொந்தராத்து எடுத்துப் பெயின்ற் வேலை செய்கிறவன். அதனால் எல்லாவற்றுக்கும் ஆள் வையுங்கள் என்று சொல்வேன் என நினைக்கவேண்டாம். பூச்சு உறுதியாக இருக்கிற, ஏற்கெனவே எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ப் பெயின்ற்) அடித்த உட்சுவருக்குக் கூலி கொடுப்பது வீண். வீட்டிலுள்ளவர்கள் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, யன்னல் கழித்தால் ஏறத்தாழ 380. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு தடவைக்கு 100 முதல் 120 சதுர அடி வரை போகும். இரண்டு தடவை அடிக்க 7 லீற்றர் தேவை. 4 லீற்றர் ரின் இரண்டு வாங்கினால் பிறகு ஒட்டுப்போடவும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு ரின்னையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள். கடையில் மெஷினில் கலக்கும் நிறம் ரின்னுக்கு ரின் நூலளவு மாறும். சுவரின் நடுவில் அது கோடு போட்டதுபோலத் தெரியும்.

ஆனால் அதற்கு முதல் சுவரைப் பாருங்கள். உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளையாக மா ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு அல்லது செத்துப்போன பெயின்ற். அதைச் சுரண்டிக் கழுவாமல் மேலே எமல்ஷன் அடித்தால் சருகாக உரியும். அப்புறம் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பொலித்தீன் துண்டை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சுவரைத் தொடாதீர்கள். ரின் வாங்கின காசு போகும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள எழுவான்கரை வீடுகளில் இந்தச் சோதனை கட்டாயம். ஆரையம்பதிப் பக்கம் ஒரு ரீச்சரின் வீட்டில், கணவனும் மனைவியுமாக ஆசையாக அடித்த வரவேற்பறைச் சுவர் முழங்கால் உயரம் வரை கொப்புளித்துப் போயிருந்தது. "தம்பி, பெயின்ற் பிழை போல கிடக்கு, கடைக்காரனைக் கேக்கவேணும்" என்றார். ஒரு கொப்புளத்தைக் கத்தி நுனியால் கீறினேன். பெயின்ற் தோல் அப்படியே கழன்று வந்தது. அதன் முதுகிலும் சுவரிலும் பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள். உப்பு. சவர்த் தண்ணீரில் குழைத்த பூச்சு, கீழே ஈரம் ஏறாமல் தடுக்கிற டிபிசியும் இல்லை. நிலத்து நீர் சுவரில் ஏறி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காயும்போது பெயின்றை உள்ளிருந்து தள்ளுகிறது. எவ்வளவு விலை கூடிய பெயின்றும் இதைத் தாங்காது. முதலில் மேசன் வேலை, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசுவது. புதுப் பூச்சு 28 நாளாவது காயவேண்டும், மாரியில் அதைவிடக் கூட. குடிபூரலுக்கு நாள் வைத்துவிட்டோம் என்று இரண்டு கிழமையில் அடிக்கச் சொல்கிறவர்களிடம் வெறும் பிரைமரோடு, அதாவது பெயின்றுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சோடு, நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதையும் விருப்பமில்லாமல்தான் சொல்வேன்.

வெளிச்சுவரை ஆளிடம் விடுங்கள். பாசியைக் கழுவிக் கொல்லாமல் மேலே அடித்தால் அடுத்த மாரிக்கே கறுப்புத் தலைகாட்டும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் நேர்வெயில் படுகிற சுவரில் ரோலரைத் திருப்பி இழுக்குமுன் பெயின்ற் காய்ந்து தடம் விழும். அதனால்தான் நாங்கள் மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பின்னேரத்திலும் எடுப்பது. மேல்மாடி என்றால் பேச்சே வேண்டாம். ஏணியில் நின்று எட்டி அடிக்கும்போதுதான் விழுவார்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றில் கால் வைக்கவே வைக்காதீர்கள், அது ஆள் பாரம் தாங்காமல் பட்டென்று உடையும்.

பழைய யன்னல், கதவு, கிராதி பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இலங்கையில் பெயின்றில் ஈயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற கட்டாயம் 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதை நனைக்காமல் சாண்ட் பேப்பர் போட்டால் தூள் வீடெல்லாம் பரவும். தவழ்கிற பிள்ளை கையை வாயில் வைக்கும். சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு அது. நனைத்துத் தேய்க்கவேண்டும், தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த வேலை முடியும்வரை சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். பெயின்ரர் செய்தாலும் இதைத்தான் செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களிலேயே முகக்கவசம் போடாதவர்கள்தான் அதிகம்.

ஆள் பிடிக்கும்போது எல்லாரும் நிறத்தையும் சதுர அடி விலையையும் பேசுவார்கள். எத்தனை தடவை, பிரைமர் உண்டா, சுரண்டல் யார் பொறுப்பு, ஏறி நிற்கச் சாரம் கட்டும் செலவு யாருடையது என்பதைப் பேசுவதில்லை. சதுர அடிக் கணக்கில் விட்டால் ஒரு தடவை குறையப் பார்க்கும், நாட்சம்பளத்தில் விட்டால் நாள் நீளப் பார்க்கும். எனக்குப் பிடித்தது சதுர அடிக் கூலி, பெயின்றை வீட்டுக்காரரே வாங்குவது. ரின்னில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் தண்ணீர் கலக்கிறார்களா என்று இடையிடையே எட்டிப்பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம். கடைசிக் காசைப் பின்னேர வெயில் சுவரில் சாய்வாக விழும் நேரம் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விட்ட இடமும் ரோலர் தடமும் அப்போதுதான் தெரியும். மிச்சப் பெயின்றைக் கேட்டு வாங்கி, ரின் மூடியில் ஒட்டியிருக்கிற நிற இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.