கருப்புக் கல், சிவப்புக் கோடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விளிம்பு உடைந்த பழைய பீங்கான் கோப்பை ஒன்று வாங்கினேன். எனக்கு வேண்டியது அதன் அடிப்பக்கம் மட்டும்தான். தரையில் படும் அந்த வளையத்தில் மெருகு இருக்காது, சொரசொரவென்று இருக்கும். கனிமம் பார்ப்பவர்களுக்கு அதுதான் உரைகல்.

மச்சான் சிலியிலிருந்து ஒரு கல் கொண்டுவந்திருந்தார். அரைநெல்லிக்காய் அளவு, ஈயக் கருப்பு. கோப்பையின் அடியில் ஓர் இழுப்பு இழுத்தேன். ஊதா கலந்த சிவப்பில் கோடு விழுந்தது.

பக்கத்துப் பட்டறை ஆசாரி குனிந்து பார்த்தார். "தங்கத்தை உரைச்சா தங்க நிறம்தானே தம்பி வரும்? இதென்ன, கருப்பை உரைச்சா சிவப்பு வருது?"

சரியான கேள்வி. தங்கம் உலோகம், உரைகல்லில் பொடியாகாமல் பூச்சாக ஒட்டுகிறது, அதனால் நிறம் மாறுவதில்லை. இந்தக் கல்லோ நொறுங்கிப் பொடியாகிறது. கட்டியாக இருக்கும்போது உள்ளே போன ஒளி திரும்பி வருவதில்லை. கல் கருப்பாகத் தெரிகிறது. மெல்லிய துகளில் சிவப்பு ஒளி மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. கல்லின் மெல்லிய ஓரத்தில் டார்ச் அடித்தாலும் அதே சிவப்பு எட்டிப் பார்க்கும்.

இது சல்ஃபோசால்ட் என்னும் குடும்பத்துக் கனிமம். வெள்ளி, செம்பு, ஈயம் போன்ற உலோகம் ஒன்று, ஆர்சனிக் அல்லது ஆன்டிமனி போன்ற அரை உலோகம் ஒன்று, இரண்டையும் பிணைக்கும் கந்தகம். பூமிக்குள் சூடான நீர் ஓடிய வெடிப்புகளில் படிபவை. நம்மூர்ச் செம்புறாங்கல்லில் இதைத் தேடிப் பயனில்லை. அதன் சிவப்பு இரும்புச் சிவப்பு.

அந்த இரும்புதான் முதலில் ஏமாற்றும். ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவும் கருப்பாக இருந்து சிவப்பாகக் கோடு போடும். ஆனால் அது கடினம், செப்புக் கம்பி அதைக் கீறாது. என் கல்லைக் கீறியது. அடுத்த சந்தேகம் சின்னபார், பாதரசத் தாது. அதுவும் மென்மை, அதுவும் சிவப்பு. இங்கே எடைதான் வழி.

ஆசாரியின் தராசில் கல் 11.6 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முக்கினேன். 2.0 கிராம் காட்டியது, கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. வகுத்தால் அடர்த்தி 5.8. சின்னபார் என்றால் 8 வந்திருக்கும்.

ஆக, பைரார்கிரைட். வெள்ளி, ஆன்டிமனி, கந்தகம். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் வெள்ளி என்றதும் ஆசாரி கல்லை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்.

இருந்தாலும் கையால் பார்க்கும் சோதனைக்கு எல்லை உண்டு. ஆன்டிமனி இருக்கும் இடத்தில் ஆர்சனிக் வந்தால் அது புரூஸ்டைட். கோடு இன்னும் பளிச்சென்ற சிவப்பு, அடர்த்தி 5.6. வித்தியாசம் அவ்வளவுதான். எக்ஸ் கதிர் பரிசோதனைதான் முடிவு சொல்லும். 1886ல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் கிளெமென்ஸ் விங்க்லர் ஆர்ஜிரோடைட் என்ற வெள்ளிக் கனிமத்தைப் பகுத்துப் பார்த்தபோது, கூட்டுத்தொகையில் 7 சதவீதம் உதைத்தது. அந்தக் குறைதான் ஜெர்மானியம் என்ற புதுத் தனிமம். கோப்பையில் இழுத்த எந்தக் கோடும் அதைக் காட்டியிருக்காது.

கல்லைத் தொட்டால் கை கழுவுங்கள். சூடாக்கிப் பார்க்கவே வேண்டாம், ஆர்சனிக் புகை விஷம்.

ஆசாரி கல்லை நகைக்கடை ரோஸ் தாளில் மடித்துத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் கருப்புத் துணிக்கு மாற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் இந்தச் சிவப்பு மங்கிக் கருத்துப் போகும்.