பழைய கேரவனில் கை வைக்கும் முன்: ஒரு கரூர்ப் பட்டறை அனுபவம்

கரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஜவுளிக்கு அடுத்தபடி பஸ் பாடிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தொழிலில் எனக்கு 26 வருடம் ஆகிறது. அப்பா மரச்சட்டத்தில் பாடி கட்டியவர். நான் பட்டறைக்குள் கால் வைத்தபோது எல்லாம் இரும்புச் சதுரக் குழாய்க்கு மாறியிருந்தது.

கொஞ்ச நாளாகக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டிலிருந்து ஒரே மாதிரி போன் வருகிறது. "பழைய டிரெய்லர் ஒண்ணு கெடச்சிருக்குதுங்ணா. கேரவனாக்கிக் குடும்பத்தோட போலாம்னு இருக்கறனுங். என்ன செலவாகுங்?" காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடுதான் அவர்கள் கேட்கும் கேரவன். செலவைச் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்று, ஒரு குடும்பத்தைத் தூக்கத்திலேயே முடித்திருக்கும்.

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் கிடந்த வண்டி அது. 1960களில் இங்கிலாந்தில் செய்தது. மலைமேல் எஸ்டேட்டில் இருந்த யாரோ விட்டுப்போனதைத் தோப்புக்காரரின் அப்பா வாங்கி வைத்திருந்தார். ஒற்றை ஆக்சில், வளைந்த முகம், பாசி பிடித்த அலுமினியத் தகடு. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. பஸ்ஸே கட்டுகிறோம், இது என்ன பெரிய வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் நாளே டிங்கரைக் கூப்பிட்டு நெளிவு எடுக்க வைத்தேன். பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்ததும் வண்டி பளிச்சென்று நின்றது. அதற்குப் பிறகுதான் உள்ளே கட்டில் அடிக்க ஆசாரியை வரச் சொன்னேன். அப்பாவோடு வேலை செய்தவர். ஜன்னலுக்குக் கீழே ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அரை விரல் ஆழம் தடையே இல்லாமல் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரமான கறுப்புத் தூள், ஊறின காப்பித்தூள் மாதிரி ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "ஏந்தம்பி, இதுல எங்க ஆணி அடிக்கறதுங்? மரம் பூரா இத்துப் போச்சுங்களே."

பெயிண்டுக்குத் தயாராக நின்ற தகட்டை மறுபடி கழற்றினோம். பின்சுவரில் கீழ்ச்சட்டம் என்ற ஒன்றே மிச்சமில்லை. தகடும் பிரைமரும்தான் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தன. ஒரு வாரக் கூலி மண்ணாய்ப் போனது.

பஸ்ஸுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் பலம் இரும்பில் இருக்கிறது. தகடு மூடி மட்டும்தான். அந்தக் காலத்துக் கேரவனில் விரல் கனத்துக்கு மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியம், உள்ளே பிளைவுட் அல்லது ஹார்டுபோர்டு, மூன்றும் சேர்ந்துதான் பலம். கூரை ஓரத்து இணைப்பை மூடும் பீடிங் பட்டையை ஸ்குரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். அதன் அடியில் தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் மசை வருடக்கணக்கில் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ஸ்குரூ ஓட்டையும் மழைத்தண்ணீருக்கு ஒரு வாசல். தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி அடிச்சட்டத்தில் தேங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை பிடிக்காது. அதற்குமேல் போய் அப்படியே நின்றுவிட்டால் உள்ளே தின்ன ஆரம்பிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்க்காதீர்கள். வண்டியை இரண்டு நாள் மூடி வைக்கச் சொல்லி, கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். ஜன்னலுக்குக் கீழே, நான்கு மூலையில், தரை சுவரைத் தொடும் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் கையடக்கமாகக் கிடைக்கிறது. வண்டியின் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை. ஒழுகும் இடம் கண்டுபிடிக்க, ஓஸ் பைப்பால் தண்ணீர் விடுங்கள், ஆனால் கீழிருந்து மேலே. தரை மட்டத்தில் பத்து நிமிடம், ஜன்னல் மட்டத்தில் பத்து நிமிடம், கடைசியில்தான் கூரை. உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வாசல் என்றே தெரியாமல் போய்விடும். நாங்கள் அப்படித்தான் ஒரு நாளை வீணாக்கினோம்.

ஒழுகலை அடைக்க நான் எடுத்தது சிலிகான். எல்லாரும் எடுப்பது அதுதான். அந்த மழைக்காலத்தை அது தாங்கியது, அடுத்ததைத் தாங்கவில்லை. கூரைத் தகடு நம் வெயிலில் சும்மா இருப்பதில்லை. 5 மீட்டர் நீள அலுமினியம், விடியற்காலைக் குளிருக்கும் சித்திரை மத்தியான வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி சூடு ஏறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். இரும்பு ஏறக்குறைய அதில் பாதிதான் நீளும். தினமும் இப்படி இழுபட்டால் ஒட்டியது விட்டுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிகான் பட்ட இடத்தில் பெயிண்டும் நிற்காது, வேறு எந்தப் பசையும் பிடிக்காது. வினிகர் வாடை அடிக்கும் ரகம் உலோகத்தை அரிக்கவும் செய்யும். பிளேடால் சுரண்டிச் சுரண்டி இரண்டு பையன்களுக்கு விரல் கொப்புளித்ததுதான் மிச்சம். இப்போது பீடிங்குக்கு அடியில் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் நாடா வைக்கிறோம். அது காய்ந்து இறுகாது, தகட்டோடு சேர்ந்து நெளிந்து கொடுக்கும், வேண்டும்போது கழற்றலாம்.

இத்துப்போன பின்சுவருக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. மரம்தானே இத்தது, இரும்பு போட்டால் தீர்ந்தது என்று ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் சட்டம் செய்து சேசிஸோடு வெல்டு வைத்துவிட்டேன். ஆசாரி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ஒரு ஐப்பசி மழை முடிந்து திறந்து பார்த்தபோது, இரும்பைத் தொட்ட இடமெல்லாம் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. இரண்டு உலோகம் ஒட்டியிருந்து நடுவே ஈரமும் சேர்ந்தால் இரும்பு தப்பிக்கும், அலுமினியம் கரையும். போதாததற்கு வண்டியின் முன்பாதி ஓட்டத்தில் நெளிந்து கொடுக்கிறது, பின்பாதி கல் மாதிரி நிற்கிறது. இரண்டும் சேரும் ஜன்னல் மூலையில் தகடு கிழிந்துவிட்டது. பழைய சட்டத்தையாவது அளவுக்கு வைத்திருக்கலாம். இத்ததுதானே என்று அதைக் குப்பையில் போட்டு எரித்திருந்தோம். திரும்ப மரத்தில் செய்ய, ஒவ்வொரு வளைவையும் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துப் பார்த்தே ஆசாரி பத்து நாள் கஷ்டப்பட்டார்.

பிளைவுட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரைன் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 தரம், அதற்கான சோதனையில் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போடுவார்கள். முத்திரை மட்டும் 710 என்று இருக்கும் பலகைகளும் சந்தையில் உண்டு. உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் பழைய குண்டாவில் போட்டு அரை நாள் கொதிக்க விடுங்கள். நான் முதலில் வாங்கியது மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. அதற்குள் அதே லோடில் பாதித் தரையைப் போட்டு முடித்திருந்தோம்.

இனி எடை. ஆடி மாதம் சோதனை ஓட்டத்துக்குக் கரூரிலிருந்து வெள்ளகோவில் வழியாகக் காங்கேயம் வரை ஜீப்பில் இழுத்துப் போனோம். எதிர்க்காற்று, ஒன்றும் தெரியவில்லை. காங்கேயத்தில் தெற்கே தாராபுரம் சாலையில் திரும்பியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்தது. அந்தப் பக்கம் ஏன் இத்தனை காற்றாலை நிற்கிறது என்று கொங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊதியூரைத் தாண்டி ஒரு பஸ் எங்களை முந்திய நிமிடத்தில் பின்னால் வண்டி வால் ஆட்ட ஆரம்பித்தது. இரண்டு ஆட்டத்தில் ஜீப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. டிரைவர் தம்பி பிரேக்கை மிதிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேகம் குறைந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது.

அடுத்த நாள் எடை மேடைக்குப் போனோம். மொத்தம் 1,060 கிலோ. கதவோரத்துப் பித்தளைத் தகட்டில் 15 ஹண்ட்ரட்வெயிட் என்று பொறித்திருந்தது. ஒன்று 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. ஆக, வண்டி பிறந்தபோது 762 கிலோ. நான் போட்ட இரும்பும், பிரிட்ஜும், பேட்டரியும், 100 லிட்டர் தண்ணீர் டேங்க்கும் சேர்ந்து 300 கிலோ ஏற்றியிருந்தன. ஜீப்போடு மாட்டும் கொக்கிக்கு அடியில் கட்டை வைத்து வீட்டுத் தராசில் பார்த்தால் வெறும் 12 கிலோ. அந்த மாதிரி ஒற்றை ஆக்சில் வண்டிக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். எனக்கு 53 கிலோவாவது வந்திருக்க வேண்டும். அது குறைந்தால் வண்டி வால் ஆட்டும்.

இடம் இருக்கிறதே என்று டேங்க்கைப் பின்கோடியில் வைத்ததுதான் முதல் காரணம். ஆக்சிலிலிருந்து கொக்கி 3.5 மீட்டர் முன்னால், டேங்க் 1.75 மீட்டர் பின்னால். பிள்ளைகள் விளையாடும் ஏற்றப் பலகைக் கணக்குத்தான் இது: பின்னால் இருக்கும் 100 கிலோ, கொக்கியை 50 கிலோ மேலே தூக்கும். டேங்க்கை ஆக்சிலுக்கு நேர்மேலே நகர்த்தியதும் கொக்கியில் 62 கிலோ வந்தது. பிறகு இரும்புச் சட்டத்தையும் வெட்டி எடுத்தோம். வண்டி பட்டறைக்கு வந்த அன்றே ஒருமுறை எடை போட்டுக் குறித்திருந்தால் அந்த ஊதியூர் ஆட்டமே இருந்திருக்காது.

டயரில் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தது, அதை நம்பினேன். பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். படித்தபோது அது பதினோரு வயது டயர். மாற்றிவிட்டோம்.

பிரேக்கைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. டிரம்மைக் கழற்றியதும் பையன் வழக்கம்போல் கம்ப்ரசர் காற்றால் ஊதினான், நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, நோய் காட்ட இருபது முப்பது வருடம் ஆகலாம். பழைய பெயிண்டில் ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90) வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அறுபது வருடப் பெயிண்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நனைத்துத் துடையுங்கள், நனைத்துத் தேயுங்கள், சாதாரணத் துணி மாஸ்க்கை நம்பாதீர்கள், அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தவறு. சிலிண்டர் பெட்டிக்குள்ளும் அடுப்புக்குக் கீழேயும் தரையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. துரு தின்றதோ எலி செய்ததோ என்று நினைத்து, தகடு வைத்து ரிவிட் அடித்து, மேலே சிலிகானும் பூசச் சொன்னவன் நான்தான். கூரையிலிருந்த காற்றுத் துளையையும் மழைக்குப் பயந்து அடைத்திருந்தோம். வண்டியை ஒப்படைக்கிற நாளில் தோப்புக்காரரின் ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருவர் கூட வந்தார், ஓட்டல்களுக்குக் கேஸ் லைன் போடுகிறவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கேட்டார்: "இங்க ரெண்டு ஓட்டை இருந்திருக்கோணுமே, எங்கீங்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் சோப்புத் தண்ணீர் கேட்டார். ரெகுலேட்டரைத் திறந்து, பழைய செம்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தார். அடுப்புக்குப் பின்னாலிருந்த முழங்கை இணைப்பில் முத்து மாதிரி ஒரு குமிழி வந்தது. பெருத்து, உடைந்து, மறுபடி பெருத்தது. யாரும் பேசவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் குடும்பம் வால்பாறைக்குக் கிளம்புவதாக இருந்தது.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். அதை வெளியே இறக்கத்தான் அந்த ஓட்டைகள். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும், பிரிட்ஜ் தானாக ஆன் ஆகும் பொறி உட்பட. மேலும் கீழும் காற்று வழி இல்லாத சின்ன அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையே கிடையாது. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். அதன் பெட்டி படுக்கும் அறைப் பக்கம் முழுக்க அடைபட்டும், அடியில் வெளியே திறந்தும் இருக்கட்டும். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்குமேல் வைக்காதீர்கள். இந்த வேலையை என்னைப் போன்ற பாடி கட்டுகிறவரிடம் விடாதீர்கள். கேஸ் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பேப்பர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் வாகனம்தான், பதிவு வேண்டும். 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரும்பை வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தோப்புக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோபப்பட்டார், அது நியாயம். பயணத்தைத் தள்ளிப்போட்டு, குழாய் முழுக்கப் புதிதாக மாற்றி, ஓட்டைகளைத் திறந்து எலி நுழையாமல் கம்பி வலை வைத்து, ஒரு மாதம் கழித்துத்தான் வண்டியை எடுத்துப் போனார்.

போன வாரம் பட்டறைக்கு இன்னொரு பழைய வண்டி வந்திருக்கிறது. இறக்கியதும் எடை மேடைக்குப் போய்வந்தோம். ஆசாரி இன்னும் ஜன்னலுக்குக் கீழே குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பெயிண்ட் பேச்சே எடுக்கவில்லை. அதன் தரையிலும் இரண்டு ஓட்டைகள். அன்று கம்ப்ரசர் பிடித்த அதே பையன், நான் சொல்லும் முன்பே சாக்பீஸால் இரண்டையும் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அடைக்காதே’ என்று எழுதி வைத்திருக்கிறான்.