"அப்பா ஊரில் இருக்கிறார்" என்று சொல்லாதீர்கள்

ஏழு வயதுப் பையன். அம்மாவின் போனைக் கீழே வைக்கவே மாட்டான். சார்ஜ் கொஞ்சம் குறைந்தாலும் பதறிப்போய்ச் சொருகுவான். போனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஒரே அடம். மூன்று வாரம் பார்த்துவிட்டு அவனுடைய டீச்சர்தான் என்னிடம் அனுப்பிவைத்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அப்பா துபாயில் வேலை பார்த்தவர். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வருவார். மாரடைப்பில் அங்கேயே இறந்துவிட்டார். உடல் வீட்டுக்கு வந்த அன்று பையனைச் சித்தி வீட்டில் வைத்திருந்தார்கள். "பிஞ்சு மனசு, தாங்காது" என்றாராம் தாத்தா. "அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசுவார்" என்பதே அவனுக்குச் சொல்லப்பட்ட செய்தி.

அன்பினால் சொன்ன பொய்தான். ஆனால் அம்மா நெற்றியில் பொட்டு இல்லாததையும், தான் உள்ளே வந்தவுடன் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவதையும் குழந்தை கவனிக்கிறது. யாரும் காரணம் சொல்லாவிட்டால் தானே ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அந்த வயதில், பெரும்பாலும் 'என்னால்தான்' என்று.

நீங்களே சொல்லுங்கள், நான் கூட இருக்கிறேன் என்றேன் அம்மாவிடம். "அப்பா செத்துப்போயிட்டாருடா கண்ணு. இதயம் நின்னுபோச்சு. இனிமே வரமாட்டாரு." அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "சைக்கிள் வாங்கித் தரலேன்னு அன்னைக்குப் போனைக் கட் பண்ணேனே, அதனாலயா?"

மூன்று வாரமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். இல்லை என்று அம்மா சொன்னார். அதை இன்னும் பல நாள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

"தூங்கிட்டாரு" என்று சொல்லப்பட்ட குழந்தைகள் தூங்கவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்பது சின்னப் பையனின் தலையில் வைக்கும் பாறாங்கல். "பொறந்த நேரம், அப்பனை முழுங்கிடுச்சு" என்று இன்றும் குழந்தையின் காதுபடப் பேசுகிறார்கள். யார் பேசினாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அங்கேயே நிறுத்துங்கள்.

குழந்தைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். இப்போது அழுவான், அடுத்த நிமிஷம் பந்து விளையாடுவான். பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. முதல் சில வாரங்களில் வயிற்றுவலியும் படுக்கையில் சிறுநீர் போவதும் வரலாம். மாதக்கணக்கில் நீண்டாலோ, "நானும் அப்பாகிட்ட போறேன்" என்று சொன்னாலோ தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்.

அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவரை இழந்த 125 பிள்ளைகளை வில்லியம் வொர்டன், ஃபிலிஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவந்தார்கள். கூட இருக்கும் பெற்றோர் எப்படி இருக்கிறார் என்பதே பிள்ளையின் நிலையைப் பெரிதும் தீர்மானித்தது. அதனால்தான் நான் அம்மாவிடம் முதலில் கேட்பது: சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா? ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் எண், இலவசம். குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.

எட்டு மணி மட்டும் அந்த வீட்டில் கஷ்டமாகவே இருந்தது. இப்போது அந்த நேரத்தில் அப்பாவின் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றை இருவரும் சேர்ந்து கேட்கிறார்கள். சில நாள் அழுகை, சில நாள் சிரிப்பு. போன வாரம் ஒருநாள், "இன்னைக்கு வேணாம், கார்ட்டூன் பாக்குறேன்" என்றானாம். அம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். பார்க்கட்டும் என்றேன்.